தாளதிகாரம்

தாள் மூவகைப்படும்: ஏ, பி, சி. சி என்பது உறைக்கு உரியது. ஏ-4 தாள் மடியாமல் சி-4 உறைக்குள் புகும். பி வகையோ இரு ஏ-க்களுக்கு இடைப்பட்டது, விரிப்பின் பெருகும்.

ஏ-யின் தலைமகன் ஏ-0. பரப்பு ஒரு சதுர மீட்டர். 841-க்கு 1189 மில்லிமீட்டர். நீளத்தைப் பாதியாக மடித்தால் ஏ-1. நான்காம் மடிப்பில், 210-க்கு 297-இல், ஏ-4. எண் ஏற ஏறத் தாள் சிறுப்பதேன் எனின், எண் குறிப்பது அளவையன்று, மடிப்பை என்க. எத்தனை மடித்தாலும் வடிவம் மாறாது; நீளம் அகலத்தைப்போல் 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். இதை 1786-இலேயே லிஷ்டன்பெர்க் என்ற ஜெர்மன் பேராசிரியர் ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். 1922-இல் போர்ஸ்ட்மன் முயற்சியால் ஜெர்மானியத் தரமாயிற்று, 1975-இல் ஐ.எஸ்.ஓ. 216.

ஜெராக்ஸ் கடைக்காரர் இவ்விருவரையும் படித்தவரல்லர். ஏ-3-ஐ ஏ-4 ஆக்க 71 என்று அழுத்துகிறார், பெரிதாக்க 141. விடை சரிதான். ஆனால் மேற்கோள் காட்டாமையால் இதை ஆய்வாக ஏற்பதற்கில்லை.

இனி லீகல். இது ஏ-குடும்பத்துப் பிறப்பன்று. எட்டரைக்குப் பதினான்கு அங்குலம்; ஏ-4-ஐவிட ஏறத்தாழ 59 மில்லிமீட்டர் நீளம். சாட்சிக் கையெழுத்து எப்போதும் அந்த 59-க்குள்தான் இருக்கும். ஏ-4-இல் நகலெடுத்தால் சாட்சி காணாமல் போவார். சாட்சி மறைந்தார் என்பர் ஒரு சாரார். தாள் முடிந்தது என்பர் மறுசாரார். மூன்றாம் சாரார் இன்னும் கடை வரிசையில் நிற்கின்றனர்.

"சார், 83-ல வெச்சா அடங்கிடும்."

அடங்குகிறது. ஆனால் விகிதம் வேறாகையால் பக்கவாட்டில் மூன்று சென்டிமீட்டர் வெள்ளை மிஞ்சுகிறது. அவ்வெற்றிடத்தின் பொருண்மை குறித்துக் கருத்தரங்கு ஒன்று நடத்தலாம். சான்றிதழ் உண்டு, மதிய உணவு இல்லை. உச்ச நீதிமன்றமே 2020-இல் ஏ-4-க்கு மாறிவிட்டது. எனினும் பழைய பத்திரங்கள் பீரோவில் இருக்கும்வரை இவ்விவாதத்துக்கு வாழ்வுண்டு.

எஞ்சியது கனம். 80 ஜி.எஸ்.எம். என்றால் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஏ-4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே தாள் ஒன்று 5 கிராம். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, இரட்டை வரி இடைவெளி விட்டு, 300 தாளில் ஒப்படைக்கும் முனைவர் பட்ட ஆய்வேடு, அட்டை நீங்கலாக, ஒன்றரைக் கிலோ. ஆய்வேட்டின் கனத்தை ஐயந்திரிபற நிறுவ வேறு முறை நாமறிய இல்லை. இடைவெளியைக் குறைத்து இருபுறமும் அச்சிட்டால் அரைக் கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். நன்றியுரையையும் எடுத்தால் இன்னும் இருபது கிராம் குறையும்; நெறியாளர் ஒப்பமாட்டார்.