விடைக்கு ஒரு விடை

கேள்வி: நாலரை மாதமாக நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கோழி, இதே வயதுதான், முட்டை போட ஆரம்பித்துவிட்டது. என்னுடையது ஏன் போடவில்லை?

பதில்: பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பழக்கம் கோழி வரைக்கும் வந்துவிட்டதா! அது லெகார்ன் வம்சமாக இருக்கும். 18 முதல் 20 வாரத்தில் போட்டுவிடும். நாட்டுக்கோழிக்கு ஆறு, ஏழு மாதம் ஆகும். இப்போது உங்களிடம் இருப்பது விடைக்கோழி, அதாவது இன்னும் முட்டை போடாத இளங்கோழி. இந்தப் பகுதியில் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். விடையிடமிருந்து முட்டை உடனே கிடைக்காது.

கேள்வி: போடப் போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முகத்தைப் பாருங்கள். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் ரத்தச் சிவப்பாக மாறும். முதுகில் கை வைத்தால், ஓடுவதை விட்டுவிட்டு, இறக்கையை லேசாக விரித்துக் குந்தும். இன்னும் சந்தேகமென்றால் இரவு அடைந்த பிறகு மெல்லப் பிடித்து, வாலுக்குக் கீழே இருபுறமும் துருத்தும் எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு விரல்தான் நுழைகிறதா, இன்னும் நாளாகும். இரண்டு, மூன்று விரல் இடம் இருந்தால் கூடையில் வைக்கோல் போட்டு வையுங்கள்.

வைக்கோல் போடாவிட்டால் அது தானே இடம் பார்க்கும். எங்கள் வீட்டு விடை ஒன்று மூன்று நாள் கேறிக்கொண்டே கட்டிலடி, அரிசி டிரம் சந்து, பரண் எல்லாம் ஏறி இறங்கியது. வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள்கூட அத்தனை குறை சொல்லமாட்டார்கள். நாலாம் நாள் அழுக்குக் கூடையில், என் வேட்டி மடிப்புக்குள், எலுமிச்சையைவிடச் சற்றே பெரிய முட்டை. மேலே நூல் போல ஒரு ரத்தக் கீற்று. முதல் முட்டையில் அது சகஜம். வேட்டிதான் தேறவில்லை.

கேள்வி: முட்டைக்கோழித் தீவனத்தை இப்போதே கொடுத்தால் சீக்கிரம் போடுமா?

பதில்: போடாது, சிறுநீரகம்தான் கெடும். அந்தத் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். வளரும் கோழிக்கு 1 சதவீதம் போதும். முதல் முட்டை வந்த பிறகு மாற்றுங்கள். கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய அளவு அதுவே பொறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: சேவல் இல்லாமல் முட்டை போடுமா?

பதில்: நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கான கோழிகள் சேவலின் முகத்தைக்கூடப் பார்க்காமல்தான் தினமும் போடுகின்றன. குஞ்சு வேண்டுமானால் மட்டும் சேவல் தேடுங்கள்.

கேள்வி: கூண்டில் பல்பு போடச் சொல்கிறார்களே, குளிருக்கா?

பதில்: வெளிச்சத்துக்கு. மண்டையோட்டை ஊடுருவிப் போகும் வெளிச்சத்தால் பகல் நீளுகிறது என்று மூளைக்குத் தெரிந்தால்தான் சினைப்பை முழுவேகத்தில் வேலை செய்யும். முட்டையிடும் கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் நல்லது. நம் ஊர் மார்கழிப் பகலோ சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். மீதியைப் பல்பு ஈடுகட்டுகிறது. ஆனால் உடம்பு தேறாத குட்டிக் கோழிக்கு இதைச் செய்யாதீர்கள். அவசரப்பட்டுப் போடவைத்தால் முட்டை சிறுத்துப்போகும். சிலசமயம் முட்டைக்குழாயே வெளியே தள்ளிவிடும்.

கேள்வி: முதல் முட்டையே தோல் முட்டை. கண் பட்டிருக்குமோ?

பதில்: ஒரு முட்டை உருவாக ஒரு நாளும் சொச்சமும் ஆகிறது. அதில் ஓடு கட்டவே சுமார் 20 மணி நேரம். புது இயந்திரம், ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கோணலாகத்தான் வரும். சில வாரம் கழித்தும் அப்படியே வந்தால் பூசணிக்காய் சுற்றாதீர்கள், கிளிஞ்சல் வையுங்கள்.

கேள்வி: போட்ட பிறகு ஊரே கேட்கும்படி ஏன் கொக்கரிக்கிறது?

பதில்: நீங்கள் சாம்பார் நன்றாக வந்தால் படம் எடுத்து அனுப்புவதில்லையா?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருகிறார். விடைக்கோழிக் குழம்புதான் வேண்டுமாம். வீட்டில் இருப்பது ஒரே விடை. கொண்டை இப்போதுதான் சிவக்கிறது. என்ன செய்ய?

பதில்: ஆறு மாதம் தீனி போட்டு, வருடத்துக்கு அறுபது எழுபது முட்டை தரப்போகிற நேரத்தில் சட்டியில் போடுவதா? இளஞ்சேவல் ஒன்றைப் பிடியுங்கள். மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, விடை என்றே பரிமாறுங்கள். குழம்பிலிருந்து அது கூவிக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை.