நான்காவது நாமினி

காரிமங்கலத்தில் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு. 2000களின் தொடக்கத்தில் அப்படிப் போய்ச் சேர்ந்த எனக்கு மெயின்ஃபிரேம் சோறு போட்டது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிக் கணக்கு முழுக்கப் பழைய கோபால் மொழியில். முன்னால் புதிதாக ஜாவா திரைகள். நடுவில் பாலமாக டிபி2 தரவுத்தளத்தின் ஸ்டோர்டு ப்ரொசீஜர், அதாவது 1995-ல் அதன் நான்காம் பதிப்போடு வந்த வசதி. ஜாவா கூப்பிட்டால் கோபால் ஓடிக் கணக்கைப் போட்டுத் தரும்.

ஆனால் பாலிசி என்பது ஒற்றை எண் இல்லையே! அதற்குள் நாமினிகள், தவணைகள், தொகைகள். கோபாலில் எழுதிய ப்ரொசீஜருக்கு எண்ணோ எழுத்தோ தனித்தனியாகத்தான் கொடுக்க முடியும்; அடுக்காகக் கொடுக்க அன்று வழியில்லை. எனவே எல்லாவற்றையும் ஒரே நீளமான எழுத்துச் சரமாக ஒட்டினோம். ஒரு பெயருக்கு 30 இடம்; நாமினிகளுக்கு அப்படி மூன்று முறை. எந்த இடத்தில் எது என்பது காப்பிபுக் என்ற கோபால் வரையறைக் கோப்பில் மட்டும் இருக்கும். எஸ்9(7)வி99 காம்ப்-3 என்று அதில் ஒரு வரி இருந்தால், 9 இலக்கம் 5 பைட்டுக்குள் அடங்கும்; கடைசி அரை பைட் கூட்டலா கழித்தலா என்று சொல்லும். தசமப் புள்ளியை எங்கும் எழுதுவதில்லை, ‘வி’ நிற்கும் இடம்தான் புள்ளி. அந்த ஐந்து பைட்டை எழுத்து என்று நினைத்து ஆஸ்கி எழுத்துக் குறியீட்டிலிருந்து மெயின்ஃபிரேமின் எப்சிடிக் குறியீட்டுக்கு மாற்றினால் தொகையே சிதைந்துவிடும். ஆகவே சரத்தில் பணத்தை இலக்கம் இலக்கமாக விரித்தே அனுப்பினோம்.

இந்தச் சரம் தற்காலிகம்தான் என்றார்கள். புதுசு என்று கொண்டாடிய திரைகள் எப்போதோ போய்விட்டன. பழசு என்று ஒதுக்கிய கோபால் இன்றும் பைசா பிசகாமல் கணக்குப் போடுகிறது. அதை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. சரமும் அப்படியே இருக்கிறது.

இப்போது காரிமங்கலம் வீட்டிலிருந்தே வேலை. கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் திரையை எட்டிப் பார்த்து, “ஏன் மாமா, ஜேசனா அனுப்பிட்டா ஆவாதா?” என்றாள். ஆகும். 2017-ல் வந்த எண்டர்பிரைஸ் கோபால் 6.2-லேயே ஜேசனைப் பிரித்துப் படிக்கும் ‘ஜேசன் பார்ஸ்’ கட்டளை உண்டு. ஒவ்வொரு தகவலும் தன் பெயரோடு வரும், புள்ளியும் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் பிரித்த தகவல் போய் உட்காருவது அதே காப்பிபுக்கில்தான். “அதுல மூணு பேருக்குத்தானே இடம்? நாலாவது நாமினி வந்தா?” என்று கேட்டேன். யோசித்தாள். சத்தமில்லாமல் அந்தப் பெயர் விழுந்துவிட்டால், பிற்பாடு ஒரு குடும்பத்தில் யாரோ ஒருவருக்குச் சேர வேண்டிய பணம் சேராது. அதனால் நான்காவது பெயர் வந்தால் ப்ரொசீஜர் வாசலிலேயே பிழைக் குறியோடு திருப்பி அனுப்பும் சோதனையைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.