விரற்கடை இரண்டு: காரை இறக்கி ஏற்றும் கலை குறித்து ஓர் ஆய்வு

பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். இவற்றில் முழம் பூக்காரம்மாவின் கையில் பிழைத்துக்கொண்டது. சாண், வயிற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் எட்டிப்பார்க்கிறது. விரற்கடை செத்தே போய்விட்டது என்று நம்புகிறவர்கள், சனிக்கிழமை மாலையில் சென்னை ஜி.பி. ரோட்டின் கார் உபகரணக் கடைகள் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வரலாம். அங்கே ஓர் இளைஞர் குனிந்து, டயருக்கும் மட்கார்டின் வளைவுக்கும் நடுவே கையைச் செருகி, வைத்தியர் நாடி பார்க்கும் முகத்தோடு அறிவிப்பார்: “நாலு விரல் கேப் இருக்கு ப்ரோ. ரெண்டு விரலுக்குக் கொண்டுவந்துடலாம்.”

சாண் 9 அங்குலம் என்று கொண்டால் ஒரு விரற்கடை சுமார் 19 மில்லிமீட்டர். ஆக, நான்கு விரலிலிருந்து இரண்டு விரலுக்கு வருவது என்றால் வண்டி 38 மி.மீ. கீழே இறங்க வேண்டும். இந்த 38 மி.மீட்டரின் பிறப்பு, வாழ்வு, தேய்வு ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, புனே அருகே சாக்கனில் 2022 வரை தயாரான ஃபோக்ஸ்வேகன் போலோ. காரை இறக்கும் மனிதர்கள் அதிகம் விரும்பும் வண்டி அது.

முதலில் சொல்லாராய்ச்சி. இறக்குவதற்காக வாங்கிப் பூட்டும் கருவியின் பெயர் ‘காயில்ஓவர்’. ஷாக் அப்சார்பரின் மேலே சுருள்வில் மாட்டியிருப்பதால் அந்தப் பெயர். தமிழுக்கு வில் ஒன்றும் புதிதல்ல. கட்டை வண்டியில் போனவர் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கிய காலத்தில், வில்வண்டியில் போனவர் வெற்றிலையை மென்றுகொண்டே இறங்கினார். அந்தச் சொகுசுக்குக் காசு கொடுத்தவரின் கொள்ளுப்பேரன், அதே சொகுசைக் கழற்றி எடுப்பதற்குக் காசு கொடுக்கிறான் என்பது வரலாற்றாசிரியர்கள் கவனிக்கவேண்டிய செய்தி.

பெயரை மேலும் தோண்டினால் ஒரு சங்கடம் வெளிப்படுகிறது. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஷாக்கைச் சுற்றிச் சுருள்வில்லை மாட்டி, இரண்டையும் ஒரே தூணாக்கினார். 1950-இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சலில் அந்தத் தூண் இருந்தது. அறுபது ஆண்டு கழித்து மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோவிலும் அதே தூண்தான்; போலோவின் முன்பக்கத்திலும் அதேதான். அதாவது முன்சக்கரங்கள் இரண்டிலும் ‘காயில், ஓவர்’ என்ற நிலை கம்பெனியிலிருந்து வரும்போதே உண்டு. பின்பக்கத்தில் நேர் எதிர். அங்கே இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முறுக்கு உத்தரத்தின் மேல் சுருள்வில் தனியே உட்கார்ந்திருக்கும். ஷாக் தனியே நிற்கும். புதிய செட்டை மாட்டிய பிறகும் அப்படியேதான், தனிக்குடித்தனம். ஆக, வாங்கிய நான்கில் இரண்டு ஏற்கெனவே காயில்ஓவர். மற்ற இரண்டு என்றைக்கும் காயில்ஓவர் ஆகப்போவதில்லை. பெயரளவில் நடந்த மாற்றம்: பூஜ்யம்.

பிறகு எதைத்தான் வாங்கினார்கள்? மரையை. முன்பக்க ஷாக்கின் உடம்பில் மரை போட்டு, அதன்மேல் ஒரு வளையத்தை ஏற்றி இறக்கும்படி செய்திருக்கிறார்கள். பின்பக்கச் சுருள்வில்லுக்கு அடியிலும் அப்படி ஒரு மரையும் வளையமும் உண்டு. வளையம் சுற்றினால் வண்டியின் உயரம் மாறும். தத்துவம் இவ்வளவுதான்; மற்றதெல்லாம் வண்ணம்.

இவ்வளவு எளிய தத்துவத்துக்குள்ளும் இரண்டு சம்பிரதாயங்கள் முளைத்துவிட்டன. ஜெர்மானியச் செட்டுகளில் பெரும்பாலும், வளையம் சுருள்வில்லின் இருக்கையை மட்டும் மேலும் கீழும் நகர்த்தும். வண்டியை இறக்க இறக்க, ஷாக்கின் தண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பள்ளத்தில் விழும்போது அமுங்குவதற்கு மிச்சம் குறைந்துகொண்டே வரும். ஜப்பானிய, தைவான் செட்டுகள் பலவற்றில் சுருள்வில்லும் ஷாக்கும் சேர்ந்த முழு உருப்படியையே கீழ்ப்பிடிக்குள் மரையோடு இறக்கலாம். தண்டின் ஓட்டம் குறையாது. வைணவம் அறிந்தவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். முன்னது வடகலையாரின் குரங்குக்குட்டி, தானே பற்றிக்கொண்டு தொங்கவேண்டும். பின்னது தென்கலையாரின் பூனைக்குட்டி, தாய் கழுத்தைக் கவ்வி முழுசாகத் தூக்கிக்கொண்டு போகும். எது உயர்ந்தது என்பதில் அங்கே எவ்வளவு இணக்கம் உண்டோ, இங்கேயும் அவ்வளவே.

இனிக் கணிதம். ராபர்ட் ஹூக் 1676-இல் வில்லின் விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராக வெளியிட்டார். வேறு யாரும் திருடிவிடக் கூடாதே என்ற கவலை. 1678-இல்தான் விடையைச் சொன்னார்: எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நீளும். சுருள்வில்லின் விறைப்பை ஜெர்மனிக்காரர் நியூட்டனிலும், அமெரிக்கர் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றும், ஜப்பானியர் மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றும் சொல்கிறார்கள். குடும்பஸ்தருக்கு உகந்தது ஜப்பானிய முறையே. மி.மீட்டருக்கு 4 கிலோ என்று போட்டிருந்தால், அந்த வில்லை ஒரு மி.மீ. அமுக்க 4 கிலோ வேண்டும். 80 கிலோ மாமா பின்சீட்டில் ஓரமாக உட்காருகிறார். அவருடைய எடையில் பாதி அந்த மூலையின் வில்லுக்குப் போகிறது என்று வைத்தால், வில் 10 மி.மீ. அமுங்கும். அரை விரற்கடைக்குச் சற்றுக் கூடுதல். காயில்ஓவர் வைத்திருப்பவர்கள் உறவினர்களை மி.மீட்டரில் பார்க்கத் தொடங்குவது இப்படித்தான்.

சொகுசுக்கும் ஒரு கணக்கு உண்டு. நின்ற நிலையில் வண்டியின் எடை வில்லை 25 செ.மீ. அமுக்கியிருந்தால், வண்டி விநாடிக்கு ஒருமுறை ஆடும், 6.2 செ.மீ. மட்டுமே அமுக்கியிருந்தால் இருமுறை. முதலாவது தொட்டில், இரண்டாவது முறம். கிழவிகளும் கர்ப்பிணிகளும் இந்த வேறுபாட்டைச் சமன்பாடு இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பூட்டும் படலத்துக்கு வருவோம். நல்ல மெக்கானிக் முதலில் தடுத்துப் பார்ப்பார்: “சார், ஸ்டாக்லயே விடுங்க சார், நல்லாதானே இருக்கு.” இது சடங்கு, மாப்பிள்ளை காசியாத்திரைக்குக் கிளம்புவதைப் போல. பிறகு ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, லிங்க் ராடை விடுவித்து, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஒதுக்கி, பழைய தூணை உருவி எடுப்பார். பழைய தூணைப் பிரிக்கும்போது, அமுக்கிக் கட்டிய சுருள்வில் கட்டை அறுத்துக்கொண்டு பாய்ந்தால் ஆளைக் கொல்லும். இந்த ஆய்வில் வேடிக்கை இல்லாத ஒரே வாக்கியம் இது.

இதில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ், போல்ட்டைச் சுற்றிச் சுழலாது, முறுக்கிக்கொடுத்து மீளும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையையே ரப்பர் தன் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்து அது முறுக்கிக்கொண்டே வாழவேண்டியதுதான்; சில மாதத்தில் கிழியும். ஆகவே சக்கரம் எடையைத் தாங்கி நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு. அது முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஏனென்றால் உயரம் மாறியபோது சக்கரத்தின் சாய்வும் முனைப்பும் மாறியிருக்கும். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்கு டயர் உள்பக்கமாகத் தேய்ந்து பாடம் சொல்லும்.

செட்டோடு சி வடிவ ஸ்பேனர் ஒன்றும் வரும். அது முதல் வாரம் கையில் இருக்கும், இரண்டாவது வாரம் டிக்கியில், பிறகு எங்கேயும் இருக்காது. விலை குறித்த தரவில் பாடபேதம் உண்டு: கடையில் கொடுத்தது ஒன்று, வீட்டில் சொன்னது ஒன்று. இரண்டாவது பாடமே பரவலாக வழங்குகிறது.

வண்டி வாசலுக்கு வந்த அன்று நடந்த உரையாடல் பல வீடுகளில் ஏறத்தாழ ஒரே வடிவில் கிடைக்கிறது.

“என்னடா, நாலு டயரும் ஒண்ணா பஞ்சரா?”

“இல்லம்மா, இறக்கியிருக்கேன்.”

“காசு குடுத்தா?”

இந்த மூன்றாவது வரிக்கு எந்த உரையாசிரியரும் இதுவரை பதில் எழுதவில்லை.

ஆனால் நியாயம் பேசினால், பயன் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே வளைவில் திரும்பும்போது வண்டி ஒருபக்கம் சரிவது குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்பும், யோசித்துவிட்டுத் திரும்பாது. அங்கே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவரிடம் முதுகுவலி பற்றிப் பேசுவது வீண். இங்கேயும் பேராசைக்கு எல்லை உண்டு. மெக்ஃபர்சன் தூண் உள்ள வண்டியை அளவுக்கு மீறி இறக்கினால், லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ, அந்தப் புள்ளி வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகும். அதனால் சரியும் நாட்டம் கூடும். இறக்கியதால் வந்த கேட்டை மறைக்க வில்லை இன்னும் விறைப்பாக்க வேண்டிவரும்.

பந்தயத் தடத்துக்குப் போய்வரும் சாலையில்தான் இந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு காத்திருந்தது. இந்தியச் சாலைப் பேரவையின் 1988-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பொதுப் போக்குவரத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக இருக்கவேண்டும். வண்டிகள் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். (தடம் 3.7 கிலோமீட்டர், தடை 3.7 மீட்டர். எண்கணித சாஸ்திரிகளின் கவனத்துக்கு.) போலோவின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 2.5 மீட்டர். அப்படியொரு மேட்டின் முதுகில் இந்த வண்டி நின்றால், நடுவயிற்றுக்கு வேண்டிய இடைவெளி 4.5 செ.மீ. மட்டுமே. முன்சக்கரம் மேட்டின் ஓரத்தைத் தொடும்போது, 80 செ.மீ. முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பம்பருக்கு வேண்டியது சுமார் 7 செ.மீ. கம்பெனி கொடுத்த சுமார் 165 மி.மீட்டரில் இரண்டு விரற்கடை போனாலும் 127 மி.மீ. இருக்கிறது. மாமா ஏறட்டும், மாமியும் ஏறட்டும். வண்டி பூப்போலக் கடந்துவிடும்.

கடக்கவில்லை. தட்டியது.

ஆகவே தட்டியது வேகத்தடையே அல்ல என்பது கணிதப்படி நிரூபணமாகிறது. அது தெருவாசிகள் மிச்சத் தாரையும் சிமென்ட்டையும் குவித்து எழுப்பிய சுயம்பு: இரண்டடி அகலம், அரையடி உயரம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே முழுசாக நுழைந்துகொள்ளும் குறுகிய மேடு என்பதால், அதன் மொத்த உயரமும் வயிற்றுக்கு வேண்டும், 4.5 செ.மீ. போதாது, 15 செ.மீ. வேண்டும். இறக்காத போலோவே மாமா ஏறினால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டவேண்டும். எந்தத் தெரு மேடு நெறிமுறைப்படி அமைந்தது, எது அமையவில்லை என்பதை ஒலியால் அறிவிக்கும் நடமாடும் அளவுகோலாக இறக்கிய கார் விளங்குகிறது. மாநகராட்சி இதைக் கவனிக்கலாம்.

கடப்பதற்கு இரண்டு உத்திகள் வழக்கில் உள்ளன. ஒன்று, கோணலாக ஏறி ஒவ்வொரு சக்கரமாகக் கடத்துவது. பின்னால் வரும் ஆட்டோக்காரர் இதற்கு வாய்விட்டு உரை எழுதுவார். மற்றது, பயணிகளை இறக்கிவிட்டு, மேட்டைத் தாண்டியதும் ஏற்றிக்கொள்வது. இது பரிசல் துறைகளில் அறியப்பட்ட பழைய முறை.

சட்டத்தைத் தொட்டுவிட்டு நகரலாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம், தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. மட்கார்டு இடைவெளி சான்றிதழில் வருமா என்று வாதாட வக்கீல்கள் இருக்கலாம். சோதனைச் சாவடியில் வக்கீல்கள் இருப்பதில்லை.

இப்போது தேய்வு. முதல் மாதம், அடுக்குமாடி வீட்டின் நிலத்தடி நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவின் முனையில் பம்பர் உரசியது: வளையத்தைச் சுற்றி அரை விரற்கடை ஏற்றம். மூன்றாம் மாதம், மேற்படி சுயம்பு மேடு: இன்னோர் அரை. எட்டாம் மாதம், குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் பானை, வெண்கல உருளி, மாமா, மாமி சகிதம் மண்பாதையில் போகவேண்டி வந்ததால் மற்றோர் அரை. ஓராண்டு முடிவில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்றரை விரல் நுழைந்தது. நிகர இறக்கம், அரை விரற்கடை, ஒன்பதரை மி.மீ. அதற்குமேல் அளவு மாறவில்லை. திருவான்மியூர்க் கடற்காற்றில் வளையமும் மரையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன; ஸ்பேனரையும் காணோம். “இப்பதான் சார் கரெக்டா செட் ஆயிருக்கு” என்கிறார் உரிமையாளர்.

கழற்றிய பழைய சாமான்கள் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் இருக்கின்றன. வீட்டில் அவற்றுக்குப் பெயர் ‘காயலான் செட்டு’. காயில் என்பதன் திரிபா, காயலான் கடைக்குப் போகவேண்டியது என்ற குறிப்பா என்பது தெளியவில்லை. நான்கு சுருள்வில்களில் மூன்றுதான் பரணில் உள்ளன. நான்காவது பால்கனியில், அம்மாவின் துளசித்தொட்டிக்கு முக்காலியாக நிற்கிறது. மண்ணும் தண்ணீருமாகத் தொட்டி 10 கிலோ இருக்கும். மி.மீட்டருக்கு 2.5 கிலோ என்று வைத்தால், வில் அமுங்கியிருப்பது 4 மி.மீ.