கிரீக் எங்களுக்கு என்ன முறை?

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் புதிதாகக் குடிவந்தவரைத் தமிழர் விசாரிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதற்கேள்வி, "தம்பி எந்த ஊர்?" இரண்டாவது, "ஆற்றை மகன்?" மூன்றாவது கேள்விக்குத் தேவையே வராது. அதற்குள் கேட்டவருடைய மனைவியின் சித்தப்பாவும் வந்தவருடைய தாய்மாமனும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியது தெரியவந்து, இருவரும் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள். இந்தக் கலை யாழ்ப்பாணத்துக்கே உரியது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. நாங்கள் கூட்டமாக வந்து இறங்குவதற்கு முன்னரே இதில் கைதேர்ந்த ஒருவர் ரொறன்ரோவில் இருந்தார். பெயர் கிளென் கூல்ட், பியானோக் கலைஞர்.

அவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் 116ஆம் இலக்க மோர்னிங்சைட் பஸ்ஸில் கென்னடி நிலையம் போய், சுரங்க ரயிலில் யூனியனில் இறங்கவேண்டும். ஃபிரண்ட் வீதியில் சீபீசி கட்டடத்துக்கு முன்னால் ஒரு வாங்கில் வெண்கலமாக உட்கார்ந்திருக்கிறார். ஓவர்கோட், தொப்பி எல்லாம் உண்டு. ஜூலை வெயிலிலும் கழற்றுவதில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் கழற்றவில்லை. 1932இல் இந்த நகரத்தில் பிறந்தவர். 1955இல் பாஹின் 'கோல்ட்பேர்க் வேரியேஷன்ஸ்' இசைத்தட்டைப் பதிவு செய்து உலகப் புகழ் பெற்றார். 1964இல், வயது 31 ஆனபோது, இனி மேடையே வேண்டாம் என்று கச்சேரிகளுக்கு முழுக்குப் போட்டார். எங்கள் ஊரில் 80 வயதிலும் மைக்கை விடாத வித்துவான்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம்.

இந்தக் கூல்ட் 1971இல் நோர்வேயின் தேசிய இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் பியானோ சொனாட்டாவை வாசித்துப் பதிவு செய்தார். இசைத்தட்டு 1973இல் வெளிவந்தது. அதன் உறையில் விமர்சகர்களுக்கு ஓர் 'இரகசிய எச்சரிக்கை'யும் எழுதினார். விஷயம் இதுதான்: கிரீக் என் அம்மாவின் தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர், ஆகவே இந்த வாசிப்பில் குறை பிடிக்கமுதல் யோசித்துக்கொள்ளுங்கள். ஒருவரும் வாய் திறக்கமுதலே குடும்பத்தைக் காட்டி வாயை அடைப்பது! கோயில் நிர்வாகசபைத் தேர்தலில் நிற்பவர்கள் இவரிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

சொந்தம் உண்மையா? கூல்டின் தாயார் புளோரன்ஸின் பிறந்தவீட்டுப் பெயர் கிரெக். ஆங்கிலத்தில் எழுதினால் கிரீக்குக்கும் கிரெக்குக்கும் நடுவில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நேர் ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் தாத்தா ஒருவராக இருக்கவேண்டும். எட்வர்ட் கிரீக்கின் தாத்தா நோர்வேயில் பேர்கன் நகரத்து ஆள். கனடாவின் கிரெக் குடும்பமோ ஸ்கொட்லாந்து வேர். எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர் யாரும் இந்தச் சாதகத்தை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். கூல்டின் வாழ்க்கையை எழுதியவர்களும் இந்த இடத்தில் செருமிக்கொண்டுதான் தாண்டுகிறார்கள்.

வேடிக்கை அதுவல்ல. நோர்வேயின் ஆன்மா, நோர்வேயின் குரல் என்று கொண்டாடப்படும் கிரீக்கே வந்தேறு குடி. அவருடைய பூட்டன் அலெக்சாண்டர் 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பக்கத்திலிருந்து கடல் கடந்து பேர்கனுக்குப் போனவர். அங்கே அவர் செய்தது கருவாடும் சிங்கி இறாலும் ஏற்றுமதி. குடும்பம் அதில்தான் நிமிர்ந்தது. எழுத்து இரண்டை மாற்றி நோர்வேக்காரன் ஆகிற வேலையும் அங்கே நடந்ததுதான். கருவாட்டுக் கப்பலில் வந்த ஒரு குடும்பத்தின் நாலாம் தலைமுறை தேசிய கீர்த்தி ஆகலாம் என்பதைக் காரைநகர்க்காரர் குறித்துக்கொள்ளவேண்டும். அவர்களுக்கு நோர்வே ஏற்கெனவே பழக்கம்: 1956இல் நோர்வே போன அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியால் 1967இல் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில்தான் வள்ளம் கட்டியது.

1905இல் நோர்வே சுவீடனிலிருந்து பிரிந்தது. வாக்கெடுப்பில் பிரிவை எதிர்த்தவர்கள் நாடு முழுவதிலும் 184 பேர். துப்பாக்கி ஒன்றுகூட வெடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும். புது நாட்டுக்குக் கொடி இருந்தது, ராஜா டென்மார்க்கிலிருந்து வந்தார், இசைக்குக் கிரீக் இருந்தார். ஐந்தடி உயரம். சுகமில்லாத நுரையீரல். சட்டைப்பையில் அதிர்ஷ்டத்துக்கு ஒரு சின்னத் தவளைப் பொம்மை. மேடை ஏறமுதல் அதைத் தடவிக்கொள்வார்.

ஆள் சின்னன் என்றாலும் முதுகெலும்பு சின்னன் அல்ல. 1899இல் யூத அதிகாரி டிரைஃபஸுக்குப் பிரெஞ்சு நீதிமன்றம் செய்த அநியாயத்தைக் கண்டித்து, பாரிஸில் கச்சேரி செய்யமாட்டேன் என்று மறுத்தார். 1903இல் ஒருவழியாகப் போனபோது அரங்கத்தில் ஊளை. கிரீக் பொறுமையாக நின்றார். சத்தம் ஓய்ந்ததும் குச்சியைத் தூக்கி நடத்தினார். முடிவில் அதே அரங்கம் கைதட்டியது. இந்தியாவிலிருந்து பாடகர் வருவதா, பகிஷ்கரிப்பதா என்று வருசா வருசம் ஸ்காபரோவில் நடக்கிற சண்டையைப் பார்த்தவர்களுக்கு, ஊளையும் கைதட்டலும் ஒரே ஆட்களிடமிருந்துதான் வரும் என்பது தெரியும். அந்தப் பயணத்திலேயே கிரீக் கிராமபோனுக்கும் வாசித்துக் கொடுத்தார். 1907இல் இறந்துபோனார்.

சொந்தக்காரர் என்றால் பழக்கவழக்கத்திலாவது ஒரு சாயல் இருக்கவேண்டும் அல்லவா? கூல்ட் தன் தகப்பனார் வெட்டித் திருத்திக் கொடுத்த கதிரையில், தரையிலிருந்து 14 அங்குல உயரத்தில், மூக்குப் பியானோக் கட்டையில் முட்டுகிற மாதிரிக் குந்தியிருந்து வாசிப்பார். கிரீக் எதிர்ப்பக்கம். பியானோ எட்டாது. பேர்கனுக்கு வெளியே ட்ரோல்டௌகன் வீட்டில், ஏரிக்கரைக் குடிலில், பீத்தோவனின் சொனாட்டாப் புத்தகத்தைக் கதிரையில் போட்டு அதற்குமேல் உட்கார்ந்து இசை எழுதினார். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்ட நாங்கள் இதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். ஆனால் பீத்தோவனை இதைவிட நெருக்கமாகப் பயன்படுத்தியவர் வேறு யாரும் இல்லை.

கிரீக்கின் 'காலை' என்ற இசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். விளம்பரத்தில் சூரியன் உதித்தால் அதுதான். பனிமலை, பச்சைத் தண்ணீர், நோர்வேயின் விடியல் என்று கண்ணை மூடுவோம். இப்சனின் 'பேர் ஜின்ட்' நாடகத்தில் அந்தக் காலை விடிவது மொரோக்கோவில். கதாநாயகன் மரத்தின்மேல் ஏறியிருந்து, கொப்பை முறித்துக் குரங்கு விரட்டிக்கொண்டிருக்கிறான். நோர்வேயின் மிகப் பிரபலமான விடியல் ஆப்பிரிக்க இறக்குமதி.

கிரீக் செத்த பிறகு சொந்தம் கொண்டாடியவர் தொகை கூடியது. 1943 அவருடைய நூற்றாண்டு. நோர்வே அப்போது ஜேர்மன் ஆக்கிரமிப்பில். நாஜிகளின் எடுபிடி அரசாங்கம் அவரைத் தங்கள் ஆளாக்கி விழா எடுத்தது. டிரைஃபஸுக்காகப் பாரிஸை மறுத்தவருக்கு இது நடந்தது. அடுத்த வருசம் நியூயோர்க்கில் அவருடைய மெட்டுகளைப் பிரித்து, ஒட்டி, காதல் கதை சேர்த்து 'சோங் ஒஃப் நோர்வே' என்ற இசை நாடகம் போட்டார்கள். 860 தரம் மேடையேறியது. எது பெரிய அவமானம் என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

கூல்டுக்கு நோர்வேயில் இன்னொருவர்மீதும் காதல் இருந்தது. ஃபார்தைன் வாலன். மிஷனரிமாரின் மகன், குழந்தைப் பருவம் மடகஸ்காரில். பிறகு நோர்வேயின் மேற்குக் கரையில் சகோதரியோடு ஒதுங்கியிருந்து ரோசாச்செடி வளர்த்தார். இடையிடையே யாருக்கும் பிடிக்காத, சுருதி மையம் இல்லாத இசையை எழுதினார். ஒஸ்லோ விமர்சகர்கள் உரித்துத் தொங்கவிட்டார்கள். 1952இல் இறந்தார். 20 வருசம் கழித்து ரொறன்ரோவிலிருந்து ஒரு மனிதர் அவருடைய இரண்டாவது சொனாட்டாவைக் கனடிய வானொலியில் வாசித்தார். வாலன் தனக்கு எந்த முறையில் சொந்தம் என்று கூல்ட் எங்கேயும் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையில் இதை நான் ஓர் அபூர்வமான அடக்கம் என்று கருதுகிறேன்.

இனி எங்கள் முறைக்கு வருகிறேன்.

நோர்வேயின் மிகப் பெரிய ஜாஸ் கலைஞர் யார் என்று கேட்டால் யான் கார்பரெக் என்பார்கள். அந்தச் சாக்ஸபோன் ஓசையைக் கேட்டு, பனிப்பாறை, வடதுருவக் காற்று, நோர்டிக் தனிமை என்று எழுதாத இசை விமர்சகர் இல்லை. கார்பரெக்கின் தகப்பனார் போலந்துக்காரர். போரில் பிடிபட்டுக் கைதியாக நோர்வேக்குக் கொண்டுவரப்பட்டவர். 1947இல் பிறந்த பிள்ளைக்கு நாடு இல்லை. ஏழு வயதுவரை அவர் எந்த நாட்டுக்கும் குடிமகன் அல்ல. அகதிக் கோரிக்கைப் பத்திரத்தில் 'நாடற்றவர்' என்ற கட்டத்துக்குப் புள்ளடி போட்ட ஆட்கள் மோர்னிங்சைட்டில் மாடிக்கு மாடி இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நோர்டிக் தனிமையின் விலாசம் நன்றாகத் தெரியும். 14 வயதில் வானொலியில் ஜோன் கோல்ட்ரேனைக் கேட்டார், சாக்ஸபோன் வாங்கினார். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் இசை, போலந்துத் தகப்பன், நாடில்லாத பிள்ளை. கூட்டிக் கழித்தால் வருவது 'தூய நோர்வே ஓசை'.

1983இல் இவரோடு சேர்ந்து ஒஸ்லோவில் 'விஷன்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தவர் எல். சங்கர். ஆம், வயலின் சங்கர். 1950இல் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்தார், அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம். 1958 கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்குத் துரத்தியது. தம்பி பிறகு அமெரிக்கா போய், ஜோன் மெக்லாக்லினோடு 'சக்தி' குழுவைத் தொடங்கி, ஒரு வயலின் போதாது என்று இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள வயலினைச் செய்வித்தார். 'விஷன்' தட்டில் மூன்றாவது ஆள் டென்மார்க்கின் ட்ரம்பெட் கலைஞர் பல்லே மிக்கல்போர்க். 'விஷன்' வேலை ஏப்ரல் மாதம் நடந்தது. மூன்று மாதத்தில் கொழும்பு எரிந்தது; அதற்குப் பிறகுதான் ஒஸ்லோவில் தமிழர் தொகையாக வரத் தொடங்கினார்கள். எங்கள் கமகம் எங்களுக்கு முன்னரே அங்கே போய் விசா எடுத்துவிட்டது.

சங்கர் பிற்காலத்தில் பெயரை ஷெங்கர் ஆக்கிக்கொண்டார். கூல்டின் குடும்பமும் முன்பு கோல்ட்தான். ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். கிரீக் கதை தெரியும். நோர்வே இசையில் சேர விரும்புகிறவர்கள் முதலில் உயிரெழுத்தில் கைவைக்கவேண்டும் போலும்.

எல்லாக் கலப்பும் அழகாக முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் முகத்தில் பிணத்தின் வெள்ளை பூசிய சில பெடியன்கள், தாங்கள் வைகிங்குகளின் நேரடி வாரிசு என்றும் கிறிஸ்தவம் வந்து கெடுத்துவிட்டது என்றும் சொல்லி, பிளாக் மெட்டல் என்ற பெயரில் அலறினார்கள். தேவாலயங்கள் எரிந்தன, கொலையும் நடந்தது. 1992 ஜூன் 6ஆம் திகதி எரிந்த ஃபான்டொஃப்ட் மரத்தேவாலயம் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. இருந்த இடம் ட்ரோல்டௌகனுக்குக் கிட்ட. ஆயிரம் வருசத்து முப்பாட்டனுக்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் தங்கள் இசையின் பெயரை எடுத்ததோ இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் போட்ட இசைத்தட்டிலிருந்து. பக்கத்து வீட்டுக்காரனிடம் வாங்கிய பெயரோடு பாட்டனைத் தேடுகிற கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். எரித்த கட்டடங்களைப் பார்த்தால் சிரிப்பு வராது.

யூரோவிஷன் பாட்டுப்போட்டிக்கு வந்தால் மறுபடி சிரிக்கலாம். 1978இல் பாரிஸில் யான் டைகன் என்பவர் காற்சட்டை வாரை இழுத்து இழுத்துத் துள்ளிப் பாடினார். ஐரோப்பா முழுவதும் சேர்ந்து கொடுத்த புள்ளி பூச்சியம். ஊருக்குத் திரும்பினால் பாட்டுப் பெருவெற்றி, ஆள் தேசிய நாயகன். 1981இல் இன்னொருவர் போய் இன்னொரு பூச்சியத்தைக் கொண்டுவந்தார். 1985இல் அ-ஹா குழுவின் 'டேக் ஒன் மீ' அமெரிக்காவில் முதலிடம் பிடித்த வருசம், யூரோவிஷனிலும் நோர்வே முதல் முறையாக வென்றது. போட்டி நடந்தது சுவீடனின் கோதன்பேர்க்கில். வென்ற 'பொபிசொக்ஸ்' இரட்டையரில் ஒருவரான எலிசபெத் ஆன்ட்ரியாசன் பிறந்த ஊரே அது. 1982இல் அவர் பாடியது சுவீடனுக்காக.

அடுத்த வெற்றி 1995இல், டப்ளினில். இசையமைத்தவர், 1985இல் வென்ற பாட்டுக்கும் இசையமைத்த ரோல்ஃப் லோவ்லான்ட். பாட்டில் மொத்தம் 24 சொல். மிச்சம் முழுக்க வயலின். வாசித்தவர் அயர்லாந்துப் பெண் ஃபினூலா ஷெரி. சங்கீதம் தெரிந்த எந்த மாமியும் சொல்லியிருப்பார், ஆலாபனை நன்றாக இருந்தால் சாகித்தியம் எதற்கு என்று. ஐரோப்பாவும் அதைத்தான் சொன்னது. இரண்டு வருசம் கழித்து நோர்வே அதே டப்ளினுக்கு, அதே மண்டபத்துக்கு, முழுப் பாட்டோடு போனது. டோர் எண்ட்ரெசென் என்ற நோர்வேக்காரர் நோர்வே மொழியில் பாடினார். பாட்டு சான் பிரான்சிஸ்கோவைப் பற்றியது. கிடைத்தது பூச்சியம்.