சத்திரத்துக்குக் கட்டில் எங்கே வாங்குவது?

கேள்வி: கொல்லிமலை அடிவாரத்தில் குறைந்த வாடகையில் பயணிகள் விடுதி தொடங்க ஆசை. ஓடுமா?
– சேந்தமங்கலம் வாசகர்

பதில்: காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆகாய கங்கைப் படிகளில் இறங்கி ஏறி வந்தவருக்கு நட்சத்திர ஓட்டல் எதற்கு? காலை நீட்ட ஒரு சுத்தமான கட்டில் போதும். தாராளமாகத் தொடங்குங்கள்.

வழிப்போக்கர் தங்க எளிய இடம் என்பது நமக்குப் புதிதல்ல. மங்கம்மாள் சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் இன்றும் நிற்கிறது. வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909-ல் மாணவர்களோடு நடைப்பயணம் போய், மழையில் மாட்டி, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோலில் இரவைக் கழித்தார். இளைஞர் விடுதி யோசனை அங்கே பிறந்ததுதான். 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் விடுதி வந்தது.

இனி உங்கள் விடுதிக்கு வருவோம். பெண்களுக்குத் தனி அறை கட்டாயம் வையுங்கள். ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு பிளக் பாயிண்ட், ஒரு சின்ன விளக்கு, பூட்டுப் போட ஒரு பெட்டி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையிடம் பதிவு செய்துவிடுங்கள்.

அடுக்குக் கட்டிலைக் கடையில் வாங்காதீர்கள். மேலே இருப்பவர் புரண்டால் கீழே இருப்பவரின் தூக்கம் போச்சு! லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறையில் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். யானை ஏறிப் படுத்தாலும் அசையாது. காலையில் முட்டை தோசை போட மறக்காதீர்கள்.