நித்தியவாசி

நித்தியவாசி என்று நான் பெயர் சூட்டியிருக்கும் மகானுபாவர் உங்கள் கிருகத்துக்கும் ஒரு முறையாவது எழுந்தருளியிருப்பார். வந்து, கால் அலம்பி, காப்பியின் சூடு ஆறுவதற்கு முன்பாகவே, "ஒரே ஒரு மெயில்தான், பார்த்துட்டு உடனே தந்துடறேன்" என்று உங்கள் கணினியின் முன் அமர்ந்து, அந்த ஒரு மெயிலையும் அதற்குத் துணையாக வேறு பல மெயில்களையும் சாவகாசமாகப் படித்து முடித்து, உபசாரங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டு, தம் ஊருக்குத் திரும்பியும் இருப்பார். அவர் படுத்திருந்த ஜமக்காளம் சுருட்டப்பட்டு, தலையணை உறை துவைத்து உலர்ந்து அலமாரிக்குள் போய்விட்ட பிறகும், அவருடைய வட்டமான சிறு புகைப்படம் மட்டும் உங்கள் திரையின் வலது மூலையில் சாசுவதமாகக் கொலுவீற்றிருக்கும்.

அவரை அசிரத்தைக்காரர் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். புறப்படும் வேளையில் அவர் குளியலறைக் குழாயை இறுக்கிவிட்டுத்தான் வருவார், மின்விசிறியை நிறுத்துவார், கேட்டின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்துத் திருப்தியடைவார். கணினியை மூடும் விஷயத்திலோ அவருடைய சிரத்தை ஒரு வைதிகச் சடங்கின் அந்தஸ்தையே அடைந்துவிடுகிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு வெகு சமீபத்தில் முகத்தைக் கொண்டுபோய், மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தேடிப் பிடித்து, ஒரு முறை அழுத்தினால் போதும் என்பதில் நம்பிக்கை இல்லாதவராக இரண்டு முறை அழுத்துவார். இரண்டாவது அழுத்தத்தில், பின்னால் திறந்திருந்த என் பையனின் பள்ளிக்கூடப் பாடமும் சேர்ந்து மறையும். மறைந்தது திரும்பி வருகிறதா என்று சற்று நேரம் காத்திருந்து பார்ப்பார். பிறகு ஷட்-டவுன். பிறகு மானிட்டரின் பொத்தான். பிறகு யூ.பி.எஸ்., அது கீச்சிட்டு ஓயும்வரை. கடைசியாகச் சுவரிலிருக்கும் ஸ்விட்சு. அதை அணைத்தபின், அதே பலகையிலுள்ள மற்ற ஸ்விட்சுகளையும் உத்தேசமாக அணைத்துவிடுவார். அவற்றுள் ஒன்று ஃபிரிட்ஜினுடையது. "எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிட்டேன்" என்று கூடத்துக்கு வந்து அவர் பிரகடனம் செய்யும்போது, அந்த வீட்டில் மூடாமல் கிடப்பது அவருடைய கணக்கு ஒன்றுதான்.

அந்த வட்டப் படத்தை ஒரு தரம் தொட்டு, அதன் கீழ் விரியும் பட்டியலின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும் 'வெளியேறு' என்பதை அழுத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் பெருக்கல் குறியை அழுத்துவதும் கணக்கிலிருந்து வெளியேறுவதும் ஒன்றே என்பது அவருடைய அசைக்க முடியாத சித்தாந்தம். அவை ஒன்றல்ல என்பதற்குக் காரணமான வஸ்துவை, 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுலி என்பவர் உண்டாக்கினார். குக்கி என்று பெயர். நாம் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழைந்ததும் தளத்தின் சர்வர் ஓர் அடையாளக் குறிப்பை நம் பிரௌசரிடம் ஒப்படைக்கிறது. பிரௌசர் அதைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுகிறது. விசைப்பலகையில் இருப்பது யாருடைய விரல் என்பதைப் பற்றிச் சர்வருக்கு விசாரமே இல்லை. மின்சாரத்தை நிறுத்துவதால் அது அழிந்துவிடாது. வெளியேறுகிறேன் என்று சொன்னால்தான், அல்லது அதற்குரிய கெடு தீர்ந்தால்தான், செல்லாமற் போகும். இதையெல்லாம் நான் நித்தியவாசிக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, "அதான் ஸ்விட்சையே ஆஃப் பண்ணிட்டேனே" என்றார்.

பிரௌசர் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் 'ஆம்' என்று சொல்வது அவருடைய இன்னொரு குணம். கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால், கேட்டுவிட்டதே, மறுப்பது எப்படி என்ற தாட்சணியம்.

வெளியேறாதவரை வெளியேற்றுவதற்கு ஏற்பாடே இல்லை என்று சொல்வதற்கில்லை. பாங்குகளின் தளங்கள், சில நிமிஷங்கள் கை அசையாமல் இருந்தால் நிர்த்தாட்சணியமாக வெளியே அனுப்பிவிடுகின்றன. நித்தியவாசிக்கு அவற்றின்மீது தீராத மனஸ்தாபம். "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள தள்ளிவிட்டுடறான், மரியாதை தெரியாதவன்" என்பார். வாட்ஸ்அப், மூலக் கைபேசி 14 நாள் உபயோகமின்றிக் கிடந்தால், அதனோடு இணைத்த கணினிகளையெல்லாம் கழற்றிவிடும். கைபேசியை 14 நிமிஷம் சும்மா கிடக்கவிடாத மனிதரிடம் அந்த விதியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆதியில் நிலைமை இப்படி இருக்கவில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. சர்வகலாசாலையில் ஃபெர்னாண்டோ கார்பாட்டோவின் குழுவினர் ஒரே இயந்திரத்தைப் பலர் ஏககாலத்தில் உபயோகிக்கும் முறையை 1961-இல் செய்து காட்டினார்கள். அதில் அவரவர்க்குக் கடவுச்சொல் உண்டு, அவரவர்க்கு அளந்து கொடுத்த இயந்திர நேரமும் உண்டு. அந்த அளவு போதாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், 1962-இல், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே தந்திரமாக அச்சடித்து எடுத்துக்கொண்டார். பிறர் கணக்குக்குள் புகுவதற்கு அக்காலத்தில் அவ்வளவு சாமர்த்தியம் வேண்டியிருந்தது. நித்தியவாசியின் கணக்குக்குள் புகுவதற்கு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். நம் ஊர்ப் பிரௌசிங் சென்டர்களில்தான் அவருடைய பழக்கம் முதிர்ச்சியடைந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம். 2011-இல் மத்திய சர்க்கார் அந்நிலையங்களுக்கு விதிகள் வகுத்து, தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது என்றும், வருகிறவருடைய அடையாளச் சான்றைப் பார்த்து, அவர் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் பதிவேட்டில் குறித்து, அதைக் குறைந்தது ஓராண்டு காப்பாற்ற வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நித்தியவாசி அந்தப் பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை நிமிஷ சுத்தமாக எழுதிவிட்டு, சட்டப்படி வெளியேறிவிட்ட நிம்மதியுடன் படியிறங்கிப் போனவர். உள்ளே திறந்து கிடந்த மெயிலுக்கு அவருக்கடுத்து அமர்ந்தவன் பொறுப்பாளியானான்.

இவ்வளவும் கணினியின் சமாசாரம். கைபேசிக்கு வந்தால் விஷயம் அந்தரங்கமாகிவிடுகிறது. ஒரு சமயம் அவருடைய கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோக, ரயில் டிக்கெட்டைப் பார்ப்பதற்காக என் கைபேசியை வாங்கி, அதில் தம் கணக்கைச் சேர்த்தார். எங்கள் நித்தியவாசியை என் மனைவியின் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள், வைத்துக்கொள்வதென்ன, அவரேதான். ஆண்டிராய்டு கைபேசியில் ஒரு கணக்கைச் சேர்த்தால் அது தனியாக வருவதில்லை. தொடர்புப் பட்டியல், நாட்காட்டி முதலிய பரிவாரங்களோடுதான் வரும். அன்று முதல் என் கைபேசியில் 'பால்காரர் பழசு', 'பால்காரர் புதுசு', 'பிளம்பர் (எடுக்க வேண்டாம்)', 'மேலவீதி மாமி தங்கச்சி' என்று நான் ஆயுளில் கண்டிராத பிரஜைகள் குடியேறினார்கள். அவருடைய இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு நாள் நெருங்கினால் மணியடிப்பது என் சட்டைப்பையில். நான் அவரைக் கூப்பிட்டு நினைவூட்ட, "அட, மறந்தே போச்சு மாப்பிள்ளை, நீங்க இருக்கற தைரியம்தான்" என்பார். சம்பளமில்லாத காரியதரிசி உத்தியோகம் எனக்கு இவ்விதம் லபித்தது. ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லவேண்டும்: ஆண்டிராய்டில் ஜிமெயிலிலிருந்து மட்டும் தனியே வெளியேறுவதற்கு வழி வைக்கவில்லை, அமைப்புகளுக்குள் போய்க் கணக்கையே கைபேசியிலிருந்து அகற்ற வேண்டும். வருவதற்கு ராஜபாட்டையும் போவதற்குக் கொல்லைப்புறச் சந்தும் வைத்த பெரிய கம்பெனிகளுக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு.

கூடத்திலுள்ள டி.வி.யில், கோயில் தேரோட்டத்தைக் காட்டுகிறேன் என்று யூடியூபுக்குள் தம் கணக்கோடு நுழைந்தவர், தேர் நிலைக்கு வந்த பின்னும் தாம் நகரவில்லை. என் பிள்ளைகள் அதே கணக்கில் நண்டு வறுவலும் நண்டு ரசமும் செய்யும் வீடியோக்களை ஆனந்தமாகப் பார்த்துத் தீர்த்தார்கள். கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு, 41 நாள் விரதத்தின் நடுவே, வீட்டில் படிபூஜைக்குக் குருசாமியையும் மற்றச் சாமிகளையும் அழைத்திருந்தபோது, பஜனைப் பாட்டுப் போடலாமென்று யூடியூபைத் திறந்தால், திரை முழுவதும் நண்டு. பார்த்த சரித்திரத்தை வைத்துத்தானே அது மேற்கொண்டு சிபாரிசு செய்கிறது! குருசாமி ஒன்றும் சொல்லவில்லையாம். சரணம் மட்டும் சற்று உரக்கச் சொன்னாராம். அன்றிரவு எனக்குப் போன் வந்தது. "சாமி மாப்பிள்ளை, எவனோ ஹேக்கர் என் போனுக்குள்ள பூந்து, நான் விரதத்துல இருக்கறது தெரிஞ்சே நண்டு போடறான் சாமி!"

சிரிப்பு இத்துடன் நிற்கட்டும். இந்த மனிதரால் எனக்கு உண்மையில் உண்டாகும் துன்பம் நண்டுமல்ல, பால்காரருமல்ல. ஒருவருடைய மெயில் பிறர் கையில் திறந்திருந்தால், மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதன் வழியாக மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்பது ஓர் அபாயம், அது அவருக்கு. எனக்கு வந்த கஷ்டம் வேறு. ஒரு நாள் காலையில் ஆபீசு வேலையாகக் கணினியைத் திறந்தபோது, திரையின் ஓரத்தில் அவருடைய ரத்தப் பரிசோதனையின் முடிவு, நான் தேடாமலே, கண்ணில் பட்டது. அவர் அதைப் பார்ப்பதற்கு முன்பு நான் அறிந்துகொண்டேன். அறிந்ததைச் சொல்லவும் முடியாமல், அறியாதவன்போல் அன்று மாலை அவரோடு போனில் பேசவும் முடியாமல் நான் தவித்தது எனக்குத்தான் தெரியும். (மருந்தில் கட்டுப்படக்கூடிய சர்க்கரைதான், இப்போது சௌக்கியம்.) பிறருடைய அந்தரங்கம் பாரமான வஸ்து. அதைச் சுமக்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மேஜைமேல் அதை வைத்துவிட்டுப் போக அவருக்கு உரிமையும் இல்லை.

அப்படியானால் நீயே அழுத்தி வெளியேற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். விருந்தாளி மடிக்காமல் எழுந்துபோன இலையை வீட்டுக்காரன் மடித்து எடுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, இது அப்படியல்ல. ஒரு தடவை செய்தேன். அடுத்த முறை வந்து உட்கார்ந்தவர், கடவுச்சொல் கேட்கும் பெட்டியைச் சிறிது நேரம் மௌனமாகப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, நான் இதுல இருந்தது உங்களுக்கு இடைஞ்சலா இருந்துச்சா?" என்று வெகு மிருதுவாகக் கேட்டார். சமையலறையில் கரண்டியின் சத்தம் நின்றது. அதற்குமேல் அந்த அத்தியாயத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

ஆகவே அவர் கையாலேயே வெளியேறச் செய்வதுதான் உசிதம் என்று தீர்மானித்தேன். வேறிடத்தில் திறந்து கிடக்கும் கணக்கை இருந்த இடத்திலிருந்தே மூடும் வசதியை ஜிமெயில் 2008-லேயே கொடுத்துவிட்டது. இப்போது கூகுளில், கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று காட்டும் பக்கமே உண்டு. சென்ற முறை அவர் வந்தபோது அதை என் கணினியில் திறந்து அவர்முன் வைத்தேன். பழைய ஆபீசு கம்ப்யூட்டர், திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை, சம்பந்தி வீட்டு டி.வி., பேரனின் டேப்லெட், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்ட கைபேசி என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போயிற்று. அவர் வெட்கப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். "அடேங்கப்பா, இத்தனை இடத்துலயா இருக்கேன்!" என்று அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசீலித்தார். திருச்சிக் கடையை எடுக்கவேண்டாம், மறுபடி போகவேண்டியிருக்கும். சம்பந்தி வீட்டு டி.வி.யை எடுத்தால் அவர்கள் மனம் வருந்தும்; ஆபீசு கம்ப்யூட்டர், முப்பது வருஷ சர்வீசின் ஞாபகம், இருந்துவிட்டுப் போகட்டும். கடைசியில், எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு மாடலின் பெயர் மட்டும் இருந்த ஒன்றைக் கண்டு, "இவன்தான் அந்த நண்டு ஹேக்கர்!" என்று கூவி, நான் கையைப் பிடிப்பதற்குள் அழுத்திவிட்டார்.

அவருடைய சட்டைப்பைக்குள் ஏதோ சிணுங்கியது. வெளியேற்றப்பட்டது அவருடைய சொந்தக் கைபேசி.

கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை. எப்படி இருக்கும்? டைப் அடித்துப் பழகியவர்களுக்கல்லவா அது நினைவிருக்கும்! மறந்துவிட்டதாகச் சொன்னதும், கூகுள், அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வேறொரு கைபேசிக்கு ஆளனுப்பியது. மேஜைமேல் கிடந்த என் கைபேசி ஒளிவிட்டு, 'உள்நுழைய முயல்வது நீங்கள்தானா?' என்று கேட்டது. நித்தியவாசி கையை நீட்டி, என் கைபேசியில், 'ஆம்' என்பதைத் தாமே அழுத்தினார்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை," என்றார், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்க போன்ல நான் இருந்ததாலதான் தப்பிச்சேன். நீங்க சொன்ன மாதிரி எல்லா இடத்துலேர்ந்தும் வெளிய வந்திருந்தா என் கதி என்ன?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? "சித்தப்பா சொல்றது சரிதானே" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. ரயிலுக்குப் புறப்படுவதற்கு முன், ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமென்று, என் மனைவியின் கைபேசியிலும் தம் கணக்கைச் சேர்த்துவிட்டு, ஃபிரிட்ஜின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போனார்.