படகு மாமா

கரோல் பாகில் இரண்டு தெருவுக்கு ஒரு படகு மாமா இருப்பார். நார்த் பிளாக்கிலோ சாஸ்திரி பவனிலோ ஆயுசு முழுக்கக் கோப்புகளில் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவர். டபிள்யூ.இ.ஏ. பக்கம் இரண்டாவது மாடியில் வீடு, லிஃப்ட் இல்லை, நீச்சலும் தெரியாது. டில்லி, கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மும்பைக் கடலில் கால் நனைக்க ராஜ்தானியில் 1,380 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். இங்கே உட்கார்ந்துகொண்டுதான் மாமா பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கப் போகிறார். சனி, ஞாயிறு சவாரிக்கு இல்லை, அதிலேயே குடியிருக்க. எப்போது என்று கேட்பது மரியாதை ஆகாது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘சுஹைலி’ என்பார். 1968-69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாளாக 312 நாளில் உலகைச் சுற்றி வந்த 32 அடிப் படகு. “எங்கே கட்டினது தெரியுமோ? பம்பாயிலே! தேக்கு, ஓய்!” என்று நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டுவார். அடுத்தது நம் ராணுவப் பொறியாளர்கள் 1985-87இல் ‘திரிஷ்ணா’வில் சுற்றிய கதை, அதற்கப்புறம் 2013இல் அபிலாஷ் டோமி. இந்த வரிசையில் நாலாவது இடம் யாருக்கு என்று அவர் சொல்வதில்லை. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

செகண்ட் ஹேண்ட் சாமானில் கரோல் பாக்வாசியை ஏமாற்ற முடியாது என்பது அவர் எண்ணம். நாயிவாலா சந்துகளில் பழைய புல்லட், கஃபார் மார்க்கெட்டில் பழைய மொபைல், இடையில் பழைய கார்க் கடைகள் என்று பார்த்துப் பழகிய கண். விற்பவன் எதிரில் சாமானைப் புகழக்கூடாது, சொன்ன விலைக்குச் சிரிக்கவேண்டும், இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பவேண்டும். அதே சாஸ்திரம்தான் படகுக்கும் என்கிறார். ஃபைபர் கிளாஸ் படகின் அடிப்பாகத்தைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள். ‘டொக்’ என்றால் திடம். ‘பொத்’ என்றால் உள்ளே ஈரம் ஏறிவிட்டது. மாமா பழகுவதற்காகக் கூலர், ஃபிரிஜ், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தட்டியாயிற்று.

வயதுதான் அவருடைய பலமான வாதம். டில்லியில் டீசல் கார் 10 வருஷம், பெட்ரோல் கார் 15 வருஷம் என்று கெடு வந்தபோது, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த தன் காரை வெளியூர்க்காரனுக்குத் தாரை வார்த்தவர் அவர். “படகுக்கு அந்தச் சட்டம் கிடையாது ஓய்! நாற்பது வயசுப் படகு, குமரியாட்டம் நிக்கிறது!” உண்மைதான். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகளைப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், பாய் நைந்திருக்கும், இன்ஜின் இருமும், எல்லாம் சேர்ந்தால் படகு விலையைத் தாண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை உற்சாகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாமியின் கேள்விகள் வேறு. சாய்ந்துகொண்டே போகும் படகில் காப்பி ஃபில்டரை எங்கே வைப்பது? பன்னிரண்டு வோல்ட்டில் கிரைண்டர் ஓடுமா? கழிப்பறையில் ஒவ்வொரு தடவையும் கையால் பம்ப் அடிக்கவேண்டுமாமே? ஒரு செவ்வாய்க்கிழமை மெட்ரோ பக்கத்து 108 அடி அனுமாருக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னாள்: “இவர் படகு வாங்காமலேதான் கடலைத் தாண்டினார்.”

லங்காவியிலும் பூக்கெட்டிலும், உலகம் சுற்றக் கிளம்பிப் பாதியில் ஊர் ஞாபகம் வந்த வெள்ளைக்காரர்கள் படகை விற்கிறார்கள். ஆனால் இறக்குமதி, சுங்கம், பதிவு என்று பேச்சு திரும்பியதும் பாருங்கள், மாமாவின் முதுகு நிமிர்கிறது. இதுதான் அவருக்குத் தெரிந்த கடல். பத்தி பத்தியாக எண் போட்டு, இணைப்பு ‘அ’, இணைப்பு ‘ஆ’ என்று சேர்த்துக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு மனு எழுதுகிறார். பதில் வந்தால் அதற்கு விளக்கம் கேட்டு இன்னொன்று. படகே இல்லாமல் படகுக்கு இவ்வளவு தடிமனான கோப்பு இந்தியாவில் வேறு எங்கும் இருக்காது.

விற்பவர்கள் அனுப்பும் சர்வே அறிக்கைகளை, பெண்ணைக் கொடுக்க மனமில்லாத தகப்பன் ஜாதகம் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஒன்றில் கீல் போல்ட்டில் துரு, ஒன்றில் சுக்கான் ஆட்டம், ஒன்றில் நடுவே நிமிர்ந்து நிற்க உயரம் போதாது. எல்லாம் நியாயமான குறைகள். கஷ்டகாலம், போன வருஷம் கொச்சி போல்காட்டி மரீனாவிலிருந்து ஒரு படகின் விவரம் வந்தது. இந்தியாவிலேயே கிடக்கிறது, புதுக் கம்பிகள், நல்ல இன்ஜின், அறிக்கையில் ஒரு கீறல் இல்லை, விலையும் அவர் சொன்ன விலை. மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமி பயந்துபோய் சூட்கேஸைத் தூசி தட்டினாள்.

நாலாம் நாள் காலை முகம் தெளிந்து கீழே வந்தார்.

“நங்கூரம் போட்ட படகு காத்தடிச்ச பக்கம் திரும்பிண்டே இருக்கும் ஓய். ராத்திரி தூங்கறச்சே தலை வடக்கே போகாதுன்னு எந்த சர்வேயர் எழுதிக் கொடுப்பான்?”